தண்ணீர் மாற்றாதவர்கள்

ஜூன் 2

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கடல்தொட்டிச் சங்கக் கூட்டத்தில் என்னை வெளியே அனுப்பிவிட்டு, பதிமூன்று பேர் உள்ளே உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசினீர்கள். நான் நடைவழியில் கால் ஆடுகிற ஒரு நாற்காலியில் நாற்பது நிமிஷம் இருந்தேன். கதவைச் சாத்திவிட்டால் ஆயிற்றா? கதவுக்கு மேலே கண்ணாடி இருக்கிறதே. தூக்கிய கைகள் எல்லாம் தெரிந்தன. எண்ணினேன். ஆறு. அதற்கு மேல் இல்லை என்று மூச்சு விடப் போனேன். அப்போது ஏழாவதாக ஒரு கை பாதி உயர்ந்து, இறங்கி, மறுபடி உயர்ந்தது. நீல நிறம், இரட்டைப் பொத்தான் வைத்த மணிக்கட்டுப் பட்டை. அந்தச் சட்டையைத் தைத்தவளே நான்தான், அத்தான். உங்கள் போன பிறந்தநாளுக்கு.

ஏழுக்கு ஆறு. நான் நீக்கப்பட்டேன். குற்றம்: வீட்டில் பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றவில்லை. இரண்டு வருஷமாக மாற்றவில்லை என்று நானே சொன்னேன். மறைக்கவில்லை. என் தொட்டியை வந்து பாருங்கள் என்றும் சொன்னேன். ஒருத்தரும் வரவில்லை.

இன்று காலை பல் டாக்டரிடமிருந்து தாள் வந்துவிட்டது. சங்கத் தலைவர் என்று கையெழுத்து. பதினான்காவது விதிப்படி, நீக்கப்பட்ட உறுப்பினர் சங்கம் கொடுத்த பவளங்களைத் திருப்பித் தர வேண்டுமாம். முப்பதாம் தேதி உளியோடு வந்து பெயர்த்து எடுத்துக்கொள்வாராம். ஐந்து வருஷத்துக்கு முன்பு கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு கொடுத்தார்கள். இன்று அது பெரிய பானை மூடி அளவு கிளை விட்டு நிற்கிறது. பாறையோடு பாறையாக ஒட்டிவிட்டது. பெயர்த்தால் பிழைக்குமா? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பதினான்காவது விதியை எழுதியதும் நீங்கள்தானே.

ஏன் தூக்கினீர்கள்?

சின்னவள்

•

ஜூன் 5

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை.

நீ என் மனைவியின் தங்கை. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் கை தூக்காமல் இருந்திருந்தால், சொந்தக்காரி என்பதற்காக விதியை வளைத்தார் என்ற பேச்சு வந்திருக்கும். சங்கம் தொடங்கிய காலத்தில் விதிகளை எழுதியவன் நான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். எழுதியவனே மீறினால் எப்படி?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கணக்குப்படி எட்டுப் பேர் உனக்கு ஆதரவாக இருப்பார்கள். என் ஒரு கையால் எதுவும் மாறாது என்று நினைத்தேன். பேருந்து ஓட்டுநரும் அவர் அண்ணனும் கடைசி நேரத்தில் அந்தப் பக்கம் போவார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். சமாதானமாகவும் இருக்கலாம்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே ஒரு முறை தண்ணீரை மாற்றிவிட்டு, இனிமேல் விதிப்படி நடப்பதாகப் பல் டாக்டருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அவர் இறங்கி வருவார் என்று தோன்றுகிறது. நான் வேண்டுமானால் வாசகத்தை எழுதித் தருகிறேன்.

உன் அக்கா என்னோடு பேசுகிறாள், ஆனால் தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

அத்தான்

•

ஜூன் 8

அத்தானுக்கு,

வாசகம் எழுதித் தருகிறீர்களா? நல்ல மனசு. பல் டாக்டர் என் பல்லைப் பிடுங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் சகலையிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்துவிட்டார். "வா, உங்க அத்தான் வீட்டு ஜன்னலுக்கு ஒரு கல்லு போட்டுட்டு வந்துடலாம். விதியில கல்லு போடக் கூடாதுன்னு இருக்கான்னு கேட்டுக்கோ" என்றார். சிரிக்க வேண்டியவள் நான் அழுதேன்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். உங்கள் மரியாதை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் மாற்றக் கூடாது என்பதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் தெரியுமா? உங்கள் வீட்டில்.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு உங்கள் முன்னறைக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுக்க வந்தேன். மாடிப்படிக்குக் கீழே உப்புக் கரைக்கிற வாளி. அதில் அக்கா துணிக் கவ்விகளைப் போட்டு வைத்திருந்தாள். "அத்தான் தண்ணி மாத்துறப்போ இதையெல்லாம் எங்கேக்கா கொட்டுவ?" என்று கேட்டேன். அக்கா சொன்னாள்: "அவர் எங்கடி மாத்துறார்? வருஷக்கணக்காச்சு. நீ யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

நான் உங்கள் தொட்டியைப் பார்த்தேன். ஊரில் அதுபோல் ஒரு தொட்டி கிடையாது. சங்கத்துக்கு மாதாமாதம் நீங்கள் கொடுக்கிற பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் "நீர் மாற்றப்பட்டது" என்று முத்து முத்தான கையெழுத்து.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்புறம் நானும் நிறுத்தினேன். உங்களைப் போல் படித்துச் செய்யவில்லை. பின்னால் ஒரு பெட்டி வைத்துப் பாசி வளர்க்கிறேன். வாரம் ஒரு கைப்பிடி வெட்டி எறிகிறேன், அழுக்கு அதோடு போகிறது. ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீரை, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பவளம் எலும்பு கட்ட அது போதும். இதைத்தான் கூட்டத்தில் பல் டாக்டர், "மீனுக்கு குளுக்கோஸ் ஏத்துறாங்களா அம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எத்தனை வருஷமாக மாற்றவில்லை, அத்தான்? எழுத்தில் வேண்டும்.

சின்னவள்

•

ஜூன் 13

சின்னவளுக்கு,

ஆறு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.

எழுதிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோட்டத்தில் நடந்தேன். இப்போது தொடர்கிறேன்.

துணிச்சலால் தொடங்கியதல்ல. இடுப்பில் டிஸ்க் விலகியது. இரண்டு மாதம் எந்த வாளியையும் தூக்கக் கூடாது என்றார்கள். முதல் வாரம் பவளங்கள் சாகும் என்று எதிர்பார்த்தேன். சாகவில்லை. இரண்டாம் வாரம் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதுப் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். அதே எண்கள். அதையும் நம்பாமல், பழைய அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். அதே எண்கள். எட்டாவது வாரம் இடுப்பு சரியாகிவிட்டது. வாளியை எடுத்து உப்பையும் கரைத்துவிட்டேன். ஆனால் தொட்டியைப் பார்த்தபோது, பவளங்கள் முன்பைவிட விரிந்திருந்தன. தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அடுத்த வாரம் மாற்றலாம் என்று தள்ளினேன். முந்நூறுக்கும் மேற்பட்ட அடுத்த வாரங்கள் போய்விட்டன.

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் உண்மை. கால்சியம், காரத்தன்மை, நைட்ரேட், குறைந்ததை எவ்வளவு சேர்த்தேன் என்பதெல்லாம் தேதிவாரியாக. மற்றொன்று சங்கத்துக்கு. சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மாதமும் யோசித்தேன். என்னைப் பார்த்து வேறொருவர் நிறுத்தி, அவர் தொட்டி செத்துப்போனால் பழி என் மேல் வருமே என்று பயந்தேன். ஒரு தொட்டியில் நடந்ததை விதியாக்க முடியாது என்றும் நினைத்தேன். இது உண்மையும்கூட.

ஏனென்றால், கோபித்துக்கொள்ளாதே, நான் நிறுத்தியதற்கும் நீ நிறுத்தியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் வாரந்தோறும் அளந்தேன். நீ எதையும் அளப்பதில்லை. கண்ணால் பார்த்து ஓட்டுகிறாய். சுண்ணாம்பு நீர் ஒரு நாள் வேகமாக இறங்கினால் தொட்டி முழுவதும் ஒரே மணி நேரத்தில் போய்விடும். விதியை விடுகிறவன் அதைவிட அதிகக் கவனத்தோடு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அத்தான்

•

ஜூன் 15

அத்தானுக்கு,

ஆறு வருஷம் பொய் எழுதியவர் எனக்குக் கவனம் சொல்லித் தருகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நான் அளப்பதில்லையா? காலையில் விளக்கு ஏறியதும் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன் தொட்டிக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்கிறேன். எந்தக் கிளை நுனி வெளுத்திருக்கிறது, எது வாய் திறக்கவில்லை, சொட்டு எத்தனை விழுகிறது எல்லாம் தெரியும். ஒரு ஆள் உள்ளே வந்தவுடன் தோள் எத்தனை அங்குலம் என்று சொல்கிறவள் நான். நாடாவை அப்புறம்தான் எடுப்பேன். நாடா இதுவரை என்னைப் பொய்யாக்கியது இல்லை.

சரி, அதை விடுங்கள். வேறு ஒன்று கேட்கிறேன்.

மே மாதம் கடைசி வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். போகும்போது கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டில் எடுத்து, என் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டாள். எதற்கு என்றால், "அவர்தான் கேட்டார், எனக்கென்ன தெரியும், என்னை ஏண்டி குடையுற" என்றாள். நானும் மறந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் "அளப்பதில்லை" என்று படித்தவுடன் ஞாபகம் வந்தது.

அந்தத் தண்ணீர் என்ன சொல்லிற்று? எந்தத் தேதியில் சொல்லிற்று?

முப்பதாம் தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. நேற்று பல் டாக்டர் அனுப்பிய ஆள் என் பாறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார். என் வீட்டுக்குள் வந்து. என் நாடாவைக் கடன் வாங்கி.

சின்னவள்

•

ஜூன் 19

சின்னவளுக்கு,

மே 27. காரத்தன்மை 8.4. கால்சியம் 430. நைட்ரேட் 5. மூன்று முறை செய்து பார்த்தேன். அன்று என் தொட்டியில் காரத்தன்மை 7.6, நைட்ரேட் 15. உன் தண்ணீர் என் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

கூட்டம் ஜூன் 1. ஆகவே கை தூக்கும்போது எனக்குத் தெரியும். நீ செய்வது சரி என்று, என்னைவிடச் சரி என்று, எண்களோடு தெரியும். என் சட்டைப் பையில் அந்தத் தாள் மடித்து இருந்தது. உனக்காகப் பேசலாம் என்றுதான் எடுத்துப் போனேன். பேசினால், "உங்கள் தொட்டி எப்படி சார்?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். போன கடிதத்திலும் இதை மறைத்து, நீ அளப்பதில்லை என்று எழுதினேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

நேற்று பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் சங்கம் வைக்கப்போகும் கண்காட்சியில் மக்கள் முதலில் பார்க்க வருவது என் வீட்டுத் தொட்டியைத்தான். உனக்குத் தெரிந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நடுவுல ஒரு இடம் காலியா இருக்கே சார். அந்தம்மாவோட பச்சைப் பவளம் அங்க கச்சிதமா உட்காரும். பக்கத்துல ஒரு அட்டை வெச்சிடலாம், 'இருபது ஆண்டு, ஒரு வாரமும் தவறாத நீர் மாற்றம்'னு. சனங்க பார்த்து கத்துக்கட்டும்" என்றார்.

உன் பவளம், என் தொட்டியில், அந்த அட்டையோடு.

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் மறுநாள்தான் தெரியும். நேற்று அப்போதே வந்தது. அவருக்குக் கொடுத்த காபியைக் கீழே சிந்திவிட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் போன பிறகு, மன்னிப்புக் கேட்டதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

ஒன்பதாவது விதி: விதியை மீறிக்கொண்டிருக்கும் உறுப்பினருக்கு வாக்கு இல்லை. நான் ஆறு வருஷமாக மீறுகிறேன். என் வாக்கு செல்லாது. அதை எடுத்துவிட்டால் ஆறுக்கு ஆறு. உன்னை நீக்கியது நிற்காது. உன் பவளத்தையும் யாரும் தொட முடியாது. ஆனால் நான் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் என்னை நீக்குவார்கள். என் தொட்டியில் சங்கம் கொடுத்தவை பத்தொன்பது பவளங்கள்.

வரும் ஞாயிறு 22ஆம் தேதி கூட்டம். சொல்வேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுந்து நிற்பேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அத்தான்

•

ஜூன் 20

அத்தானுக்கு,

சட்டைப் பையில் வைத்துக்கொண்டா?

நானே தைத்த பை.

நிற்பீர்களா மாட்டீர்களா என்று நீங்களே சந்தேகப்பட்டால் நான் என்ன சொல்ல? நம்பிக்கை வைக்கவில்லை. உங்கள் சகலை முப்பதாம் தேதி வேலைக்கு லீவு போட்டிருக்கிறார். வாசலில் உட்காரப்போகிறாராம். உளி எங்களிடமும் இருக்கிறது என்கிறார். நீங்கள் நிற்காவிட்டால் இப்படித்தான் முடியும். அதையும் உங்கள் உண்மை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்

•

ஜூன் 23

சின்னவளுக்கு,

நின்றேன்.

ஒழுங்காக நிற்கவில்லை. முதலில் கண்காட்சி மேசைகளைப் பற்றிப் பேசினார்கள். இருபது நிமிடம். அதற்குள் இரண்டு முறை எழப்போய் உட்கார்ந்தேன். பேருந்து ஓட்டுநர், "என்ன சார், பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றார். அதில்தான் எழுந்தேன், எழுந்தவன் உட்காரவில்லை.

உண்மை நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்கு தேதிகள் படிப்பதற்குள் பல் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து காதோடு, "சார், உட்காருங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். கண்காட்சி முடியட்டும், அந்தம்மா விஷயத்தை நான் அப்படியே விட்டுடறேன்" என்றார்.

நான் கத்தினேன். உனக்கு நம்பிக்கை வராது. எனக்கும் என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "அந்தம்மாவா? போன மாசம் வரைக்கும் நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்ட உறுப்பினர் அவங்க! உங்க தொட்டியில ரெண்டு தடவை எல்லாம் செத்துப்போச்சு, ரெண்டு தடவையும் வாரா வாரம் தண்ணி மாத்தினீங்க! அவங்க மாத்தாம வளர்த்ததை உளி வெச்சுப் பேர்த்துட்டு வந்து, மாத்தி வளர்த்தேன்னு அட்டை எழுதி என் வீட்டுல வைப்பீங்களா?" என்று கேட்டேன். நோட்டை மேசையில் அடித்தேன். நோட்டின் மேலட்டை கிழிந்துவிட்டது.

பிறகு உன் தண்ணீரின் எண்களைப் படித்தேன். மே 27 என்று தேதியையும் சொன்னேன். தெரிந்துகொண்டே கை தூக்கினேன் என்றும் சொன்னேன். ஓட்டுநரின் அண்ணன், "உங்களை நம்பித்தானே சார் நாங்க தூக்கினோம்" என்றார்.

ஒன்பதாவது விதியை நானே வாசித்தேன். என் வாக்கை அடித்தார்கள். நீ மறுபடி உறுப்பினர். முப்பதாம் தேதி யாரும் வரமாட்டார்கள். பல் டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு என் விஷயம். நான் வெளியே இருக்க வேண்டும். கூட்டத்துக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடலாம் என்றிருக்கிறேன். உனக்கு வாக்கு உண்டு. எனக்காக எதையும் கேட்டு இதை எழுதவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் அத்தான் என்று பார்க்காதே. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம்.

பவளங்களைப் பெயர்க்க வருகிறவர்களுக்கு வசதியாக, எது எந்தப் பாறையில் என்று ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

அத்தான்

•

ஜூன் 29

அத்தானுக்கு,

படம் வரைந்தீர்களா? உங்களை என்ன செய்வது?

கூட்டம் இப்போதுதான் முடிந்தது. பல் டாக்டர் நீக்கத்தையும் பவளங்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே வாக்கு என்றார். நான் எழுந்தேன். இரண்டும் வேறு வேறு, தனித்தனியாகக் கேளுங்கள் என்றேன். "விதிப்படி ஒண்ணுதான்மா" என்றார். "விதி எழுதினவரையே வெளியே தள்ளப் போறீங்க, அவர் எழுதின விதி மட்டும் உள்ளே உட்காரணுமா டாக்டர்?" என்றேன். ஓட்டுநர் சிரித்துவிட்டார். சிரிப்பு ஒருத்தரிடம் தொடங்கினால் நிற்காது. பிரித்துத்தான் கேட்டார்கள்.

முதலில் பவளம். உயிருள்ளதை உளி வைத்துப் பெயர்த்து ஒருத்தரைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். தண்டனை அவருக்கா, பவளத்துக்கா? கத்தித்தான் கேட்டேன், எனக்கு மெதுவாகப் பேச வராது. பதினான்காவது விதியையே அடித்துவிட்டார்கள். பத்துக்கு மூன்று. வாரம் தண்ணீர் மாற்றச் சொல்கிற மூன்றாவது விதியைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றிருக்கிறார்கள். உங்கள் உண்மை நோட்டைப் பிரதி எடுத்துத் தர முடியுமா என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள். அவரிடமே கேளுங்கள் என்றேன். ஒருத்தர் மெல்ல, தானும் நான்கு மாதமாக மாற்றவில்லை என்றார். அவரையும் திட்டினேன்.

உங்கள் தொட்டியில் ஒரு கிளையையும் யாரும் தொட மாட்டார்கள்.

அடுத்தது நீக்கம். தண்ணீர் மாற்றாததற்காக என்றால் என் கை அசைந்திருக்காது என்று முதலிலேயே சொன்னேன். ஆறு வருஷம் பொய்ப் பதிவேடு கொடுத்ததற்காக என்று எழுதச் சொன்னேன். அதைப் பார்த்து எத்தனை பேர் வாளி தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தார்கள், தொட்டி செத்ததற்குத் தங்களையே நொந்துகொண்டார்கள். அப்படித் திருத்தி எழுதியதும் கை தூக்கினேன், அத்தான். முதல் ஆளாகத் தூக்கினேன். பாதியில் இறக்கவில்லை. உங்களை நீக்கியாயிற்று.

அக்கா இதற்கு என்னோடு எத்தனை நாள் பேசமாட்டாள் என்று தெரியவில்லை. கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. நீங்கள் எழுந்து நின்றதைக் கேட்டு அன்றைக்கு நான் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று கழிக்கவில்லை.

இதை நீங்கள் பல் டாக்டர் வாயால் கேட்கக் கூடாது. என் கை தூக்கியதை நானே சொல்ல வேண்டும். அதனால் கூட்டம் முடிந்தவுடன் அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதி, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிப்போகப் போவதில்லை. வாசற்படியில்தான் நிற்கிறேன்.

படித்து முடித்தாயிற்றா? திட்டுவதென்றால் வெளியே வந்து திட்டுங்கள்.

சின்னவள்